செம்பருத்தி வேலியில் மாவுப்பூச்சி: இலை கருகாமல் மருந்தடிப்பது எப்படி?

வீட்டைச் சுற்றிச் செம்பருத்தியை வேலியாக வளர்ப்பவர்கள் ஏதாவது ஒரு கோடையில் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். கொழுந்துகள் விரியாமல் முடிச்சுப் போலச் சுருண்டு நிற்கும். கணுக்களிலும் மொட்டுக் காம்புகளிலும் வெள்ளை மாவு அப்பியிருக்கும். அதற்குக் கீழே உள்ள இலைகள் பிசுபிசுத்து, சில நாட்களில் கரி பூசியதுபோல் கறுத்துவிடும். தண்டில் எறும்புகள் ஓயாமல் ஏறி இறங்கும். எங்கள் வேலியில் ஒரு சித்திரை மாதம் இப்படி ஆனபோது, யாரோ சொன்ன யோசனைப்படி வேப்பெண்ணெயையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் கண்ணளவில் கலந்து, காலை பத்து மணி வெயிலில் அடித்தேன். மூன்றாம் நாள் பூச்சியில் பாதி அப்படியே இருந்தது. இலைகளோ விளிம்பெல்லாம் பழுப்பாகக் காய்ந்து, வேலி முழுவதையும் தணலில் வாட்டியதுபோல் நின்றன. பூச்சி ஒரு மாதத்தில் செய்திருக்கக்கூடிய சேதத்தை நான் ஒரே காலையில் செய்துவிட்டேன்.

மருந்து பூச்சியைக் கொல்லாமல் விட்டு இலையை ஏன் கருக்குகிறது என்பது புரிந்துவிட்டால், மற்றவை எல்லாம் அதிலிருந்தே தெளிவாகும். ஆகவே மருந்தின் பெயர்களுக்குப் போகுமுன், இலை எப்படிப்பட்டது, பூச்சி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டுக்கும் மெழுகுதான் சட்டை

செம்பருத்தி இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. இலைக்குள் இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகிப் போய்விடாமல் காப்பது அதுதான்; மழைத்துளி இலையில் உருண்டு ஓடுவதற்கும் அதுவே காரணம். இலையின் அடிப்பக்கத்தில் நிறைய இலைத்துளைகள் உள்ளன. காற்றை உள்ளே வாங்குவதும், தேவையான அளவு நீராவியை வெளியே விட்டு இலையைக் குளிர்விப்பதும் இந்தத் துளைகளின் வேலை.

இப்போது பூச்சியைப் பாருங்கள். பூச்சிகளுக்கு எலும்பு கிடையாது. மேல்தோல்தான் அவற்றின் கூடு. அந்தத் தோலின் மீதும் ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. அத்தனை சிறிய உடல் வெயிலில் உலர்ந்து போகாமல் இருப்பது அந்தப் படலத்தால்தான். உடலின் பக்கங்களில் மூச்சுத் துளைகள் இருக்கின்றன. மாவுப்பூச்சி இத்துடன் நிற்காமல், தன் உடலிலிருந்தே வெள்ளை மெழுகைச் சுரந்து மேலே போர்த்திக்கொள்கிறது. நாம் மாவு என்று நினைப்பது அந்த மெழுகுப் பொடியைத்தான்.

ஆக, இலைக்கும் மெழுகுப் பூச்சும் துளைகளும் உண்டு, பூச்சிக்கும் உண்டு. சோப்புக் கரைசல் பூச்சியின் மெழுகைக் குலைத்து, தோலின் உயிரணுச் சவ்வுகளைச் சிதைத்து, அதை உலரவைத்துக் கொல்கிறது. எண்ணெய் அதன் மூச்சுத் துளைகளை அடைத்து மூச்சுத் திணறவைக்கிறது. அளவு மீறினால் அதே சோப்பு இலையின் மெழுகையும் கரைத்து இலையை உலர்த்திவிடும்; அதே எண்ணெய் இலைத்துளைகளையும் அடைத்துவிடும். பூச்சிக்கு நஞ்சு, இலைக்கு அமுதம் என்று இரண்டாகப் பிரித்து வேலை செய்யும் பொருள் எதுவும் சமையலறையிலும் இல்லை, கடையிலும் இல்லை. இலையின் மெழுகு சற்றுத் தடிமனானது; இலை பெரியது; வேர் வழியே நீரை மீண்டும் இழுத்துக்கொள்ளக்கூடியது. பூச்சி சிறியது, ஒருமுறை உலர்ந்தால் மீளாது. இந்த இடைவெளிக்குள்தான் நாம் வேலை செய்கிறோம். அளவு கூடும்போதும், வெயில் ஏறும்போதும், செடி தாகத்தில் வாடும்போதும் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. நான் அன்று செய்த தவறு இந்த மூன்றையும் ஒரே வேளையில் செய்ததுதான்.

எந்தப் பருவத்தில் அது பலவீனமாக இருக்கிறது?

முழு வளர்ச்சி அடைந்த பெண் மாவுப்பூச்சி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதற்கு இறக்கை இல்லை. ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு பெரும்பாலும் ஓரிடத்திலேயே கிடக்கும். செம்பருத்தியை அதிகம் தாக்கும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி, பஞ்சு போன்ற மெழுகுப் பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. வெப்பமான காலத்தில் அவை ஏழெட்டு நாட்களில் பொரிந்துவிடும். ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிவதே கடினம். அவற்றுக்குக் கால்கள் நன்றாக வேலை செய்யும். காற்றிலும், எறும்பின் மீதும், நம் உடையிலும், கவாத்துக் கத்தரியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். இந்தப் பருவத்தில் அவற்றின் மேல் மெழுகுப் போர்வை இன்னும் ஏறியிருக்காது.

நமக்கு இதில்தான் வாய்ப்பு இருக்கிறது. தாய்ப்பூச்சியின் மெழுகையும் முட்டைப் பையையும் ஊடுருவ வேண்டுமானால் இலையும் தாங்காத அளவு கடுமையான கரைசல் தேவைப்படும். குஞ்சுகளை மிக லேசான கரைசலே கொன்றுவிடும். எனவே ஒரே நாளில் கடுமையாக அடிப்பதைவிட, லேசான கரைசலை ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை அடிப்பதுதான் முறை. முதல் முறை தப்பிய முட்டைகள் பொரிந்து வரும் நேரத்தில் இரண்டாம் முறை அவற்றைப் பிடிக்கிறது. எஞ்சியதை மூன்றாம் முறை பிடிக்கிறது. புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் முதல் முறை அடித்துவிட்டு, இரண்டாம் நாள் வெள்ளை மாவு இன்னும் இருப்பதைப் பார்த்து மனம் பதறி அளவை இரட்டிப்பாக்குகிறார்கள். பூச்சி செத்த பிறகும் மெழுகு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள்: உலர்ந்து பொடியாக உதிர்ந்தால் அது செத்துவிட்டது, நசுங்கி நீர் கசிந்தால் உயிரோடு இருக்கிறது.

எறும்பைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதச் சத்து குறைவு. தேவையான சத்துக்காக மாவுப்பூச்சி அளவுக்கு மீறிச் சாற்றைக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியே விடுகிறது. அந்தத் தேனுக்காக எறும்புகள் வருகின்றன. வருவதோடு நில்லாமல், மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் குளவிகளையும் விரட்டிக் காவலும் காக்கின்றன. இலையில் படிந்த அதே தேனின் மீது வளர்வதுதான் அந்தக் கறுப்பு நிறக் கரும்பூஞ்சணம். அது இலைக்குள் இறங்குவதில்லை. மேலே படர்ந்து வெயிலை மறைக்கிறது. ஆகவே கறுப்பைக் கண்டு பூஞ்சைக்கொல்லி வாங்கி அடிப்பது வீண். தேன் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

மருந்துக்கு முன்னால் தண்ணீரும் கத்தரியும்

வேலியாக வளர்க்கும் செடிகளுக்கு ஒரு தனிக் குறை உண்டு. ஓரங்களை மட்டும் சமமாக வெட்டி வெட்டி, வெளிப்புறம் சுவர் போல அடர்ந்துவிடும். உள்ளே வெளிச்சமும் காற்றும் போகாது. மாவுப்பூச்சிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. நாம் தெளிக்கும் எதுவும் அங்கே போய்ச் சேராது. ஆதலால் முதல் வேலை கவாத்து. மோசமாகச் சுருண்ட நுனிகளை ஒரு சாண் கீழே வெட்டுங்கள். அத்துடன் வேலியின் உட்பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் சில கிளைகளை அடியோடு எடுத்து, உள்ளே கை நுழையும்படி செய்யுங்கள். வெட்டியதைத் தெருவோரத்தில் போடக் கூடாது. வெட்டிய இடத்திலேயே ஒரு பாலித்தீன் பையில் போட்டு, வாயைக் கட்டி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்துவிட்டால் உள்ளிருக்கும் பூச்சியும் குஞ்சும் வெந்துவிடும். கத்தரியை அடுத்த செடிக்குக் கொண்டுபோகுமுன் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வேலிக்கிளை எதுவும் மதில் சுவரையோ கம்பியையோ தொடாமல் பார்த்துக்கொண்டால், எறும்புக்கு அடித்தண்டு ஒன்றுதான் வழி என்றாகிவிடும்.

இரண்டாவது, தண்ணீர்க் குழாய். குழாயின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு, கீழிருந்து மேலாக, இலையின் அடிப்பக்கத்திலும் கணுக்களிலும் பீய்ச்சி அடியுங்கள். கொழுந்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி என்றால் இது ஒன்றே பெரும்பாலும் போதும். கீழே விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்ப ஏறுவதில்லை. மாவுப்பூச்சியில் மேலாகக் கிடப்பவை விழும். தேனும் மெழுகுப் பொடியும் கழுவிப்போகும். அதன் பிறகு அடிக்கும் லேசான கரைசல்கூட எஞ்சிய பூச்சியின் உடலை நேராகத் தொடும். இலைக்கு இதனால் எந்தக் கெடுதியும் இல்லை. என் அனுபவத்தில், மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படிக் கழுவி வந்த பகுதியில் மருந்தின் தேவை பாதியாகக் குறைந்தது. இவ்வளவு எளிய வேலையை ஒரு வைத்தியமாகவே பலர் மதிப்பதில்லை என்பது எனக்கு உண்மையில் வருத்தம்.

நாலைந்து இடங்களில் மட்டுமே பூச்சி இருந்தால், காயம் துடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பூச்சியின் மீது மட்டும் தொட்டு வைக்கலாம். வேலி முழுவதற்கும் அதைத் தெளிக்கக் கூடாது. இலை நிச்சயம் கருகும்.

சோப்புக் கரைசல்

சோப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். எண்ணெயையோ கொழுப்பையோ காரத்துடன் சேர்த்துக் காய்ச்சிச் செய்வது உண்மையான சோப்பு. பாத்திரம் கழுவும் திரவமும் துணி துவைக்கும் தூளும் வேறு வகை; எண்ணெய்ப் பிசுக்கை வேரோடு அகற்றுவதற்காகவே செயற்கை வேதிப்பொருட்களைக் கொண்டு அவற்றைச் செய்கிறார்கள். பிசுக்கை அகற்றும் ஆற்றல் இலையின் மெழுகையும் அகற்றும். தோட்டத்துக்கென்று விற்கும் பொட்டாசியம் சோப்புத் திரவம் கிடைத்தால் அதுவே நல்லது. அதன் லேபிளில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம். வேளாண் துறையினர் மாவுப்பூச்சிக்குப் பரிந்துரைக்கும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பும் பயன்படும். அதன் மணத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவை கிடைக்காதபோது, வாசனையும் நிறமும் சேர்க்காத காதி சோப்பைச் சீவி, 5 கிராம் எடுத்து, சிறிது வெந்நீரில் கரைத்து, ஆறிய பிறகு ஒரு லிட்டராக்கி வடிகட்டிக்கொள்ளலாம். அரை சதவீதம் என்ற இந்த அளவு மிகக் குறைவாகத் தோன்றும். குஞ்சுகளுக்கு இதுவே போதும்.

நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் இதில் ஒரு சிக்கல் வருகிறது. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் பிரிந்துவிடும். அந்தச் சோப்புக்குப் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் இருக்காது. அந்தத் திரி இலையிலும் தெளிப்பான் முனையிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு புட்டியில் உங்கள் தண்ணீரை எடுத்துச் சிறிது சோப்பு போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் வெள்ளைத் திரி மிதந்தால் அந்தத் தண்ணீர் உதவாது. சேமித்த மழைநீரோ குடிக்கும் தண்ணீரோ ஓரிரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரைத் தோட்டத்துக்கென்று பிடித்து வைப்பவர்கள் அதை இதற்குப் பயன்படுத்தவே கூடாது; உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான்.

சோப்புக் கரைசல் ஈரமாக இருக்கும்வரை மட்டுமே வேலை செய்யும். உலர்ந்துவிட்டால் அதன் மேல் நடந்துபோகும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் குணத்தால் நமக்கு இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, தேனீக்களுக்கும் பொறிவண்டுகளுக்கும் மிச்ச நஞ்சு இருக்காது. இரண்டாவது, வேலை முடிந்த பிறகு அதை இலையில் விட்டு வைக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். இலை கருகாமல் காக்கும் வழிகளில் மிகக் குறைவாகச் சொல்லப்படுவது இதுதான் என்று நினைக்கிறேன்.

எந்தக் கரைசலானாலும், வேலியில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். கொழுந்தும் முதிர்ந்த இலையும் இரண்டும் உள்ள கிளையாக அது இருக்கட்டும், ஏனென்றால் கொழுந்தின் மெழுகு இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. செடிக்குச் செடி தாங்கும் திறனும் வேறுபடும். செம்பருத்தி ஓரளவு தாங்கும். அதே வரிசையில் வைத்திருக்கும் யூபோர்பியாவும் நிழலில் வைத்திருக்கும் பெரணிகளும் சோப்பைத் தாங்குவதில்லை. தெளிப்பானைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: களைக்கொல்லி அடிக்கப் பயன்படுத்திய தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள்.

வேப்பெண்ணெயைப் பற்றிய தவறான எதிர்பார்ப்பு

வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியின் பசியைக் குறைக்கிறது. இளம் பூச்சி சட்டை உரிக்கும் செயலைக் குலைக்கிறது. அடித்த மறுநாளே பூச்சி செத்து விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு வாரத்தில் அவை வளராமல் தேய்வதைக் காணலாம். எண்ணெயாக அடிக்கும்போது மூச்சுத் துளையை அடைக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது.

எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதைக் குழந்தைகளும் அறிவார்கள். ஆனால் பெரும்பாலான இலைக்கருகல் நேர்வது அதை மறப்பதால்தான். நேராகத் தண்ணீரில் ஊற்றிய எண்ணெய் மேலே மிதக்கும்; தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் ஏறக்குறைய தனி எண்ணெயே வரும். வேலியின் கடைசிச் செடிகள் மட்டும் கருகியிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒரு கிண்ணத்தில் 5 மில்லி வேப்பெண்ணெயையும் சில மில்லி சோப்புத் திரவத்தையும் முதலில் ஊற்றிக் கலக்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வந்தால் பால் போல வெளுக்கும். பிறகு ஒரு லிட்டராக்குங்கள். மேலே எண்ணெய்க் கண்கள் மிதந்தால் கலவை சரியாகவில்லை. அடிக்கும்போது நடுநடுவே தெளிப்பானைக் குலுக்குங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வயல் பயிர்களுக்கு லிட்டருக்கு 30 மில்லி வரை சொல்வதுண்டு; வீட்டு வேலிக்குக் கோடையில் அந்த அளவைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

எண்ணெய் வேண்டாம் என்றால் வேப்பங்கொட்டைக் கரைசல் இலைக்கு இன்னும் இதமானது. நன்கு உலர்ந்த வேப்பம்பருப்பு 50 கிராம் எடுத்துப் பொடித்து, துணியில் முடிந்து, சிறிது தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி ஒரு லிட்டராக்கி, சிறிது சோப்பு சேர்த்து அன்று மாலையே அடிக்க வேண்டும். ஆடி மாதம் மரத்தடியில் பழம் உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதற்கும் ஆகும்.

வெயில்தான் பெரிய பகை

சோப்போ எண்ணெயோ, 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போது இலை கருகும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. மேலை நாட்டுக் குறிப்புகளில் மாலையில் அடியுங்கள் என்று இருக்கும். நம் சித்திரை வைகாசியில் மாலை ஐந்து மணிக்கும் வெப்பம் அந்த அளவைத் தாண்டி நிற்கும். ஆகவே கோடையில் வெயில் முழுதாகத் தாழ்ந்த பிறகு, ஏறக்குறைய ஆறு மணிக்கு மேல் அடித்து, சோப்பாக இருந்தால் மறுநாள் வெயில் ஏறுமுன் கழுவிவிடுவது நல்லது. செம்பருத்திப் பூ காலையில் விரிந்து மாலையில் வாடுவது. தேனீயும் தேன்சிட்டும் வரும் நேரம் அதற்குள் முடிந்திருக்கும். வேம்பின் ஆற்றல் வெயிலில் விரைவில் அழிவதால் அதற்கும் இரவே ஏற்றது.

அடிப்பதற்கு முந்தின நாள் மாலை வேருக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வாடி நிற்கும் செடிக்கு எதையும் அடிக்காதீர்கள். இலையின் அடிப்பக்கம் முழுவதும் நனைந்து, துளி சொட்டத் தொடங்கும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடிப்பதெல்லாம் வழிந்து இலை நுனியில் தேங்கி அந்த நுனியைக் கருக்கும். கந்தகத்தூள் அடித்த செடிக்கு இரண்டு வாரம் வரை எண்ணெய் அடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலையைச் சுட்டுவிடும்.

மருந்தால் வந்த கருகலையும் பூச்சியால் வந்த சேதத்தையும் வேறுபடுத்தத் தெரிந்திருக்க வேண்டும். பூச்சியின் சேதம் கொழுந்தில் தொடங்கி, சுருளலாகவும் முடிச்சாகவும் மெல்லப் பரவும். மருந்தின் கருகல் ஓரிரு நாளில், தெளித்த பக்கத்தில் உள்ள இலைகளில் ஒரே சமயத்தில், விளிம்பிலும் நுனியிலும் தோன்றும். அதற்கு முன் இலையில் எண்ணெய் பட்ட காகிதம் போன்ற திட்டுகள் தெரியலாம். அதைக் கண்டவுடன் நிறையத் தண்ணீரால் கழுவி, இரண்டு வாரம் எதையும் அடிக்காமல் விடுங்கள். கருகிய இலை திரும்பாது. ஆனால் செம்பருத்தி புதிதாகத் துளிர்த்துவிடும். விரைவாகத் துளிர்க்கட்டும் என்று யூரியா போடுவதும் மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் உரமான மீன் அமிலத்தை அடிக்கடி ஊற்றுவதும் தவறு. தழைச்சத்து மிகுந்த இளந்துளிர் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்து.

மாவுப்பூச்சி போலவே இருக்கும் நண்பன்

மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன் வேலியை ஒரு பத்து நிமிடம் உற்றுப் பாருங்கள் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, உடலெங்கும் வெள்ளைக் குஞ்சம் தொங்க, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு புழு ஊர்வதைச் சில வேளைகளில் காணலாம். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து அதை முதலில் நசுக்குவார்கள். உண்மையில் அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிகளை நூற்றுக்கணக்கில் தின்பது. மாவுப்பூச்சி கிடந்த இடத்தில் கிடக்கும். இது சுறுசுறுப்பாக நகரும். இது வளர்ந்தால், கரிய முதுகும் செம்மஞ்சள் தலையும் கொண்ட சிறு வண்டாகும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு, காப்பித் தோட்டங்களின் பச்சைச் செதில் பூச்சியை அடக்குவதற்காக 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது ஆய்வகங்களில் வளர்த்து மாவுப்பூச்சிக்காக விடுகிறார்கள்.

இந்த நண்பர்களின் ஆற்றலைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்திருக்கிறது. மெக்சிகோ பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. செம்பருத்தி வேலிகளும் அதற்கு இரையாயின. கடுமையான பூச்சிக்கொல்லிகள் அடித்தும் அது மெழுகுக்குள் பதுங்கித் தப்பியது. பட்டுப்புழு வளர்ப்பவர்களால் மல்பெரியில் மருந்தே அடிக்க முடியவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் உள்ளிட்ட மூன்று வகைச் சிறு குளவிகள் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, பெருக்கப்பட்டு, வயல்களில் விடப்பட்டன. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் அந்தக் குளவிகள், எந்த மருந்தாலும் முடியாததைச் சில மாதங்களில் செய்துகாட்டின. இலைக்கு அதனால் ஒரு கீறலும் விழவில்லை. உங்கள் வேலியில் மாவுப்பூச்சிகளில் சில உப்பி, பழுப்பு நிறத்தில் கெட்டியான கூடாக மாறியிருந்தால், உள்ளே குளவிக் குஞ்சு வளர்கிறது என்று பொருள். அந்தக் கிளையை வெட்டவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம்.

வேரில் ஊற்றினால் செடி முழுவதும் பரவும் இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளைக் கடைக்காரர்கள் எளிதாக எடுத்துக் கொடுப்பார்கள். அவை இலையைக் கருக்காது என்பது உண்மை. ஆனால் சாற்றில் பரவும் நஞ்சு பூந்தேனிலும் மகரந்தத்திலும் சேர்கிறது. தேனீக்களுக்கு நேரும் கேட்டைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளியில் இதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. செம்பருத்தியின் இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிறோம். பூவை எண்ணெயில் காய்ச்சுகிறோம், தேநீரில் போடுகிறோம். இப்படி வீட்டுக்குள் வரும் இலைக்குள் அந்த நஞ்சை ஏற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. புகையிலைக் கரைசலும் அப்படியே. நிகோடின் தோல் வழியாகவும் உடலில் சேரக்கூடிய நஞ்சு.

வேறு செடிகளை வேலியாக வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அரளியின் நுனியில் பளிச்சென்ற மஞ்சளில் கறுப்புக் காலுடன் கூடிக் கிடப்பது அரளி அசுவினி. தண்ணீர்ப் பீய்ச்சலே போதும், ஆனால் அரளிப்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நந்தியாவட்டையில் விரல் அளவு பச்சைப் புழு இருந்தால் கையால் எடுத்துவிடலாம். இட்லிப்பூவின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மற்றதெல்லாம் வெளுத்தால், அது பெரும்பாலும் பூச்சியன்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்தை எடுக்க முடியாத நிலை. அதற்குப் பூச்சிமருந்து அடித்து இலையை இரட்டிப்பாக வருத்த வேண்டாம்.

கடைசியாகக் கரும்பூஞ்சணம். பூச்சி அடங்கிய பிறகும் கறுத்த இலைகள் கண்ணை உறுத்தும். மாமரத்துக்குச் செய்வதுபோல, 50 கிராம் மைதாவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு லிட்டராக்கி வடிகட்டி, மேகமில்லாத நாளில் காலையில் தெளியுங்கள். இது ஒன்றுதான் வெயிலை நம்பி அடிக்க வேண்டியது. கஞ்சி உலர்ந்து ஏடாகச் சுருங்கும்போது கறுப்பையும் பெயர்த்துக்கொண்டு உதிர்ந்துவிடும். அடியில் பச்சை இலை அப்படியே இருக்கும்.